ஆறடி மூன்றங்குலமும் 54-ம்

பட்டர்வொர்த்தின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே ரோடு பைக் ஓட்டத் துணிச்சல் போதும். அதை வாங்கத்தான் குள்ளமாக இருக்க வேண்டும். என் உயரம் 190 சென்டிமீட்டர், உள்கால் அளவு 90. அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை ஏறத்தாழ 79.5 வரும். கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர், பொய் சொல்ல மாட்டார்.

எனக்கு வேண்டியது 60-ஆம் அளவுச் சட்டம். கடையில் இருந்தது 54.

"சீட்டை ஏத்திக்கலாம் பாஸ், ஒண்ணும் பிரச்சினை இல்லை லா."

கடைக்காரர் ஏற்றினார். 'இதற்கு மேல் இழுக்காதே' என்ற கோடு குழாயைவிட்டு வெளியே வந்து எங்களை எட்டிப் பார்த்தது. சீட் விண்ணுக்குப் போக, ஹேண்டில்பார் மண்ணிலேயே நின்றது. ஏறி உட்கார்ந்தேன்: சாஷ்டாங்கமாக விழப் போனவன் பாதியில் மனம் மாறியது போல. முழங்கால் நெஞ்சோடு குசலம் விசாரித்தது. சீட்டை உயர்த்தலாம், சட்டத்தின் நீளத்தை யார் இழுப்பது? நீளமான ஸ்டெம் போட்டால் சரியாகிவிடுமாம். கட்டைச் சட்டைக்கு நீளக் கை தைக்கிற வைத்தியம்.

"பினாங்குத் தீவுல கிடைக்கும்" என்றார். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் போனேன். அங்கே இருந்தது 52.

"சீட்டை ஏத்திக்கலாம் பாஸ்."