ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு நங்கூரமிட இடம் வேண்டும்

தலைவர் அவர்கள்,
இலங்கைத் துறைமுக அதிகார சபை,
கொழும்பு.

விடயம்: எட்டு ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றைத் திருகோணமலைத் துறைமுகத்தில் இறக்க அனுமதி கோரல்

கனம் ஐயா,

உவர்மலைவாசியாகிய நான், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று தினமும் தங்கள் சொத்தைப் பார்வையிட்டு வருகிறேன். இதற்காகச் சபையிடம் இதுவரை சம்பளம் எதுவும் கேட்டதில்லை. இன்று முதன்முறையாக ஒரு விண்ணப்பம்.

என் தங்கையின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, கேம் விளையாடுவதற்குச் சொந்தமாக ஒரு கொம்பியூட்டர் பூட்டப் போகிறான். பாகங்களைத் தெரிவு செய்யும் குழுவுக்கு நான் தலைவர், அவன் செயலாளர், தங்கை பொருளாளர். பொருளாளர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. ஆனால் எல்லாத் தீர்மானங்களையும் குசினியில் இருந்தபடியே நிராகரித்து விடுகிறார்.

செயலாளர் சமர்ப்பித்த முதல் பட்டியலில் இருந்தது ஆர்டிஎக்ஸ் 5090 கார்ட். என்விடியா 2025 ஜனவரியில் சந்தைக்கு விட்ட சாமான். அறிவித்த விலை 1,999 டொலர். முழு வேகத்தில் ஓடும்போது அது தனியாக இழுக்கும் மின்சாரம் 575 வாட். எங்கள் கிணற்றடியில் இருக்கும் அரைக் குதிரைவலு மோட்டரோடு போட்டி போடும். பொருளாளருக்கு விலையைச் சொல்வதற்கு முன்பே பட்டியல் மீளப் பெறப்பட்டது. இரண்டாம் பட்டியலில் 5060. அறிவித்த விலை 299 டொலர், 145 வாட், எட்டு ஜிபி நினைவகம். எட்டு ஜிபி போதாது என்று உலகமே சண்டை பிடிக்கிறது. போதாதுதான். ஆனால் எங்கள் வீட்டில் எது போதுமானதாக இருந்தது என்று இதற்கு மட்டும் விதிவிலக்குக் கேட்பது?

பழைய கார்ட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று அயலில் ஒரு தம்பி வந்து சொன்னார். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற இணைய நாணயம் தன் இயங்குமுறையை மாற்றியதும், அதுவரை இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போனது. அவற்றில் பல, துடைத்துப் பெட்டியிலிடப்பட்டு, "வீட்டுப் பாவனை மட்டும்" என்ற நற்சான்றிதழுடன் சந்தைக்கு வந்தன. நல்ல கார்டும் இருக்கும். ஆனால் விசிறி கரகரக்கிறதா என்று காது வைத்துக் கேட்காமல் வாங்கக் கூடாது என்பது குழுவின் ஏகமனதான முடிவு.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். இந்தக் கார்ட் கிழக்காசியாவில் கப்பலேறி, கடலெல்லாம் கடந்து, பத்திரமாகக் கொழும்பில் இறங்குகிறது. அங்கிருந்து பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகிறது. பிறகு யாரோ ஒரு சொந்தக்காரர் அதை வாங்கி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகச் சுமார் 260 கிலோமீற்றர் பஸ்ஸில் கொண்டு வருகிறார். அதாவது, கப்பலில் வந்த சாமான் ஒரு துறைமுகத்தை விட்டு இன்னொரு துறைமுகத்துக்கு இரவு பஸ்ஸில் வருகிறது.

இதை எழுதும்போது தங்கள் சபையின் வெளியீடுகளைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உலகின் இரண்டாவது சிறந்த இயற்கைத் துறைமுகம் எங்களுடையது என்கிறீர்கள். நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர். நிலத்தையும் நீரையும் சேர்த்தால் கொழும்புத் துறைமுகத்தைப்போல் பத்து மடங்கு. வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கான கொழும்பு, ஆண்டுக்கு 70 இலட்சம் கொள்கலன் அலகுகளுக்குமேல் கையாளுகிறது. பத்துப் பங்கான நாங்கள் கோதுமை, கிளிங்கர், எரிபொருள் இறக்குகிறோம். மாவும் சீமெந்தும் பெற்றோலும் உயிர்வாழத் தேவை என்பதை மறுக்கவில்லை. மருமகனிடம் அதை எடுத்துச் சொன்னேன். "அப்ப மதர்போர்டைக் கோதுமைக்குள்ள புதைச்சு அனுப்பச் சொல்லுங்க மாமா" என்றான். செயலாளரின் இந்த யோசனையையும் தங்கள் பரிசீலனைக்கு அனுப்பி வைக்கிறேன்.

திருகோணமலைக்கான தங்கள் திட்டத்தில் மொத்தச் சரக்கு, பாரக் கைத்தொழில், சுற்றுலா, விவசாயம் எல்லாம் இருக்கின்றன. துறைமுகத் திட்டத்தில் விவசாயத்துக்கு இடம் கிடைத்த நாட்டில், ஒரு கிலோ கார்டுக்கு இடம் கிடைக்காமலா போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் பேனையை எடுத்தேன்.

மதர்போர்ட் தெரிவில் குழு அதிகம் சண்டை பிடித்தது. சிபியு ஏஎம்டி ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், 2022இல் வந்தது. புதிய ஏஎம்5 வகை போர்டுக்குப் போனால் டிடிஆர்5 ராம் வாங்க வேண்டும். அந்த ராமின் விலையோ 2025இன் கடைசியில் மலையேறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டும் தரவு நிலையங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளை எல்லாம் வாரிக்கொண்டு போகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், சாதாரண ஆட்களுக்கு ராம் விற்ற தன் குருஷியல் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. டிடிஆர்4 விலையும் சும்மா இருக்கவில்லை. எங்கோ ஒரு இயந்திரத்துக்குக் கவிதை எழுதக் கற்றுக்கொடுப்பதற்காக உவர்மலைப் பொடியன் ஒருவன் 32 ஜிபி ஆசையை 16ஆகக் குறைத்துக்கொண்டான். எட்டு எட்டாக இரண்டு குச்சிகள். ஒரே பதினாறு வாங்கினால் இரட்டைத் தடம் கிடைக்காது, வேகம் விழும்.

5060 கார்ட் எட்டுத் தடங்களில் மட்டுமே சிபியுவுடன் பேசும். பழைய பி450 போர்டில் அந்தத் தடங்கள் மூன்றாம் தலைமுறை வேகம்தான். பி550இல் நாலாம் தலைமுறை, இரட்டிப்பு வேகம். மலிவு போர்டை வாங்கினால் கார்டுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் சில கேம்களில் வாசலில் நெரிசல்படும். கேம் விளையாடும் பொடியள் இதைப் போட்டில்நெக் என்கிறார்கள். செயலாளர் இதை எனக்குப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் கீழே உள்துறைமுகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,630 ஹெக்டேயர் தண்ணீர். எங்கள் வீட்டுக்குச் சாமான் வருவதற்கு ஏ6 வீதி. பி550 வாங்குவதென்று உடனே கையெழுத்துப் போட்டேன்.

தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாகம் தெரிவு செய்வது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. எங்கள் துறைமுகமே நானூறு ஆண்டுகளாக யாராவது ஒருவருடைய இயந்திரத்துக்குப் பாகமாகத் தெரிவாகி வந்திருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை எழுப்பினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு விரட்டுப்பட்டார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் ஜனவரியில் ஆங்கிலேயர் கையிலும் ஓகஸ்ட் முடிவில் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் பிரெஞ்சுப் படை கையிலும் இருந்தது. 1795இல் திரும்ப வந்த ஆங்கிலேயர், நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டு கழிந்த பிறகு, 1957 ஒக்டோபரில்தான் கடற்படைத் தளத்தைக் கையளித்தார்கள். ஆழம், காற்றுக்கு ஒதுக்கு, வங்காள விரிகுடாவின் மீது பார்வை என்று எல்லோரும் விவரக்குறிப்பைச் சரியாக வாசித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஊர்ச்சனத்துக்கு இதில் என்ன ஓடும் என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சீனக்குடாத் தாங்கிகளும் அப்படித்தான். ஆங்கிலேயர் தங்கள் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்கக் கட்டியவற்றில் இன்று 99 கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் ஒன்று அங்கிருந்த தாங்கி ஒன்றின்மேல் மோதி எரித்தது.  2022 ஜனவரியில் 99 தாங்கிகளையும் பங்கிட்டார்கள்: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. கூட்டிப் பார்த்தேன், 99 சரியாக வருகிறது. இவ்வளவு துல்லியமாகப் பங்கு பிரித்த பிறகு ஊருக்கு மிஞ்சியது எத்தனை என்று மருமகன் கேட்டான். கணக்கில் மிச்சம் இல்லை என்றேன்.

நியாயமாகப் பார்த்தால், துறைமுகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரியில்லாமல் நேரே வரும் இறக்குமதி ஒன்று உண்டு. உப்புக் காற்று. அதற்குக் கொழும்பு போக வேண்டியதில்லை, அனுமதிப் பத்திரமும் வேண்டியதில்லை. ஆணி, பிணைச்சல், டிவி அன்டெனா எல்லாவற்றிலும் தன் முத்திரையைக் குத்திவிட்டுப் போகும். ஆகவே கேசிங் தெரிவில் குழு கடும் நிலைப்பாடு எடுத்தது. செயலாளர் கேட்டது மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே வானவில் வெளிச்சம். நான் கேட்டது முன்பக்கம் வலை, கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடி, உள்ளே இழுக்கும் விசிறி இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று. உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகளால் தூசு புகாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் எங்கள் மேல்மாடி அறையில் உட்கார்ந்தவர்களுக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிபியு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் வலை வென்றது. வானவில் வெளிச்சம் ஒரு விசிறிக்கு மட்டும் சமரசமாக வழங்கப்பட்டது.

பவர் சப்ளை பற்றிய முறைப்பாட்டை மின்சாரத் துறையினருக்குத் தனிக் கடிதமாக எழுதுகிறேன். ஆனால் அயல் திணைக்களம் என்ற முறையில் தாங்களும் அறிந்துவைப்பது நல்லது. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைக்க, முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இந்த நாட்டில் பவர் சப்ளை தெரிவு செய்பவன் வாட்டை மட்டும் பார்த்தால் போதாது, குரங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்களுக்கு 450 வாட்டே போதும். இருந்தும் நல்ல பெயருள்ள 550, வெண்கலத் தரம், ஐந்து வருட உத்தரவாதம் என்று முடிவு. இந்த ஒரு பாகத்தில் மட்டும் காசைக் குறைக்காதே என்று கடைக்காரர், எதிர்க்கடைக்காரர் இருவரும் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விடயம் அதுதான். யூபிஎஸ் பெட்டியில் 650 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். வாட் கணக்கில் அது 400ஐக்கூடத் தொடாது. கரண்ட் போனால் கேமைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தரும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் ஜெனரேட்டர் வாங்கலாம்.

விலை விடயம் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, ஆனாலும் பதிவுக்காக. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம். மே மாதம் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கி 2025இல் 300 அளவில் நின்றது. அந்தக் கணக்கில் 299 டொலர் என்பது ஏறத்தாழ 90,000 ரூபாய். அதன்மேல் 18 வீத வற், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு 2.5 வீதம், அதன்பின் கடைக்காரரின் வயிறு. மருமகன் பரீட்சை எழுதிய பொருளியல் பாடம் இப்போதுதான் அவனுக்குப் புரிகிறது.

இனிச் சட்டச் சிக்கல் ஒன்று. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை உட்பட இலங்கையின் எந்தத் துறைமுகமும் இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடப்படாது என்று இருக்கிறது. மருமகன் விளையாட விரும்பும் போர்க் கேம் கோல் ஒஃப் டியூட்டி. கார்ட் இறங்கிய பிறகு டில்லியிலிருந்து ஆட்சேபம் வந்துவிடக் கூடாது. சட்டமா அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது உத்தமம். தேவையென்றால் அவன் கிரிக்கெட் கேம் மட்டும் விளையாடுவதாகச் சத்தியக் கடதாசி தரத் தயார்.

இன்டர்நெட்டில் விளையாட்டு இழுபடுகிறதே, அதற்கும் கடல்தான் காரணமா என்று பொருளாளர் ஒருநாள் கேட்டார். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் கடலடிக் கேபிள் வரிசையில் ஐந்தாவதுகூட மாத்தறையில்தான் கரையேறியது. கேபிளுக்கும் எங்கள் பக்கம் பிடிக்கவில்லை போலும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். சீனக்குடாவில் முன்னாள் துறைமுக அமைச்சரின் பெயரில் அஷ்ரப் இறங்குதுறை இருக்கிறது. அதன் ஒரு மூலையில், மாதத்தில் ஒருநாள், கொழும்பிலிருந்து கரையோரமாக வரும் ஒரு சின்னக் கப்பலுக்கு இடம் தாருங்கள். கணினிச் சாமான், குளிர்சாதனப் பெட்டி, பாடசாலைக்குத் தேவையான ஆய்வுகூடப் பொருட்கள் என்று கப்பல் வெறுமையாக வராது. வர்த்தகர்களைக் கூட்டி எவ்வளவு சரக்குச் சேரும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சேராது என்று தெரிந்தால் அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறோம். கணக்கே பார்க்காமல் பத்து மடங்கு, இரண்டாவது சிறந்தது என்று மட்டும் அச்சடிப்பதை நிறுத்துங்கள்.

பதில் தமிழில் வந்தால் நல்லது. பொருளாளர் நேரடியாக வாசித்து நிராகரிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைவர், பாகங்கள் தெரிவுக் குழு,
உவர்மலை, திருகோணமலை.

பின்குறிப்பு: பதில் வரும்வரை கார்ட் வழக்கம்போல இரவு பஸ்ஸில்தான் வரும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் அன்பர்களே, சீற்றுக்கு அடியில் நீட்டான ஒரு பெட்டி காலில் தட்டுப்பட்டால் தயவுசெய்து அதன்மேல் காலை வைக்காதீர்கள்.