ஒரு தாள் நகலெடுக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்: ரேடியோ மெக்கானிக், போடிமெட்டு.

பெறுநர்: பதிப்புரிமைப் பதிவாளர் அவர்கள், பதிப்புரிமை அலுவலகம், புது தில்லி.

பொருள்: பழைய மர்ஃபி ரேடியோ – சர்வீஸ் மேனுவலில் ஒரு தாள் – நகலெடுக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவுகள் 2, 23, 31ஏ, 52, 63. (எல்லாம் கரண்ட் இல்லாத நேரத்தில் படித்தது. மலையில் அந்த நேரத்துக்குக் குறைவில்லை.)

உயர்திரு ஐயா,

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் என் கடை. ஏலக்காய் ஸ்டோரில் ஆணியில் தொங்கிய ரேடியோ, கோயில் கமிட்டி ஆம்ப்ளி, யாரோ மாமனார் சீராகக் கொடுத்த டேப் ரிக்கார்டர், எல்லாம் சாக்கில் கட்டி இங்கேதான் வந்து இறங்கும். மூடுபனி ஈரத்தில் கண்டன்சர் கெடும், காயில் பச்சை பூக்கும். அதுதான் எனக்குச் சோறு.

இப்போது மேசையில் இருப்பது 1975ஆம் ஆண்டு மர்ஃபி. கண்டன்சர் மாற்றியாயிற்று, சத்தம் கணீரென்று வருகிறது. டயல் முள் மட்டும் அசையவில்லை. நூல் அறுந்துவிட்டது. தாங்கள் இந்த நூலைக் கட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய சக்கரத்தில் எத்தனை சுற்று, எந்தப் பக்கமிருந்து, எந்தக் கப்பிக்கு மேலே, எதற்குக் கீழே, ஸ்பிரிங் கடைசியில் எங்கே மாட்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு சுற்று மாறினால் முள் பாதி வழியில் நின்றுவிடும். திசை மாறினால் திருச்சி ஸ்டேஷனைத் தேடி வலப்புறம் திருக, முள் இடப்புறம் ஓடும். வால்வு நம்பரையோ டிரான்சிஸ்டர் நம்பரையோ வைத்துப் பாதி சர்க்யூட்டை ஊகித்துவிடலாம். நூலுக்கு நம்பர் கிடையாது. மேனுவலில் அதற்கென்று ஒரு படம் போட்டிருப்பார்கள். அந்தப் படம் ஒன்றுதான் வேண்டும்.

படம் பூப்பாறையில் ஒரு அண்ணனிடம் இருக்கிறது. டீலர் கடையை மூடியபோது பழைய பேப்பர்காரருக்குப் போகவிருந்த மேனுவல் கட்டை எடுத்து வைத்தவர். “வாட்ஸ்அப்புல அனுப்பட்டுமா தம்பி?” என்றார். “வேண்டாம்ணே, சட்டம் இருக்கு” என்று நான்தான் தடுத்தேன்.

பிரிவு 2 சொல்கிறபடி ஓவியம், சிற்பம், வரைபடம் எல்லாம் ‘கலைப்படைப்பு’. ஆகவே ராஜா ரவிவர்மாவின் லட்சுமியும் எங்கள் டயல் நூல் படமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. எங்களுக்கு இதில் பெருமைதான். ஆனால் ரவிவர்மா 1906இல் காலமானதால் லட்சுமியை யார் வேண்டுமானாலும் காலண்டரில் அச்சடிக்கலாம். நூல் படத்தை வரைந்தவர் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பெயரில்லாத படைப்புக்கு வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு காவல். 1975இல் அச்சான தாள் 2036 ஜனவரி முதல் தேதி விடுதலையாகும். தப்பித்தவறி வரைந்தவர் பெயர் தெரிந்து, அவர் உயிரோடும் இருந்துவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு. அவர் நீடூழி வாழட்டும். கரையான் அதுவரை பொறுக்குமா என்று தெரியவில்லை.

சொந்த உபயோகத்துக்கு நியாயமாகப் பயன்படுத்தலாம் என்கிறது பிரிவு 52. நான் கூலி வாங்குகிறேனே, அது சொந்த உபயோகமா? அண்ணன் பத்து மெக்கானிக்குகளுக்கு அனுப்பினால் அது யாருடைய சொந்தம்? மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் அபராதம் என்கிறது பிரிவு 63. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிபதி குறைக்கலாமாம். என் கணக்கு நோட்டைப் பார்த்தாலே குறைத்துவிடுவார்.

உரிமையாளரையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். மர்ஃபி 1929இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் பிறந்தது. 1962இல் ராங்க் கம்பெனியின் கையில் புஷ் ரேடியோவோடு சேர்ந்தது. நம் ஊர் செட்டுகளைச் செய்த தானே நகரத் தொழிற்சாலை இன்று இல்லை. விரலை உதட்டில் வைத்த மர்ஃபி குழந்தையை மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. குழந்தையிடம் கையெழுத்து வாங்க முடியாதே.

இதற்கும் தங்கள் சட்டம் வழி வைத்திருக்கிறது: பிரிவு 31ஏ. உரிமையாளர் அகப்படாவிட்டால் உரிமம் கேட்டு மனுப்போடலாம். அதற்கு முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் தரவேண்டும். வாசகத்தைத் தயாரித்துவிட்டேன்: “போடிமெட்டு மெக்கானிக் ஒருவர் டயல் நூல் கட்டவிருக்கிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் உடனே தெரிவிக்கவும்.” ரேடியோவை விற்றாலும் விளம்பரக் கட்டணத்துக்குக் காணாது. முன்பு இதை விசாரித்த வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டதால், மனு இப்போது வணிக நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கடை வாசல் தேனி மாவட்டம், இந்த ரேடியோவின் சொந்தக்காரருக்குத் தோட்டம் இடுக்கி மாவட்டம். வக்கீலை எந்தப் பக்கம் இறங்கித் தேடுவது? எல்லாம் கூடிவந்தால், காணாமல் போன உரிமையாளருக்கான ராயல்டியை இந்தியப் பொதுக் கணக்கில் கட்டச் சொல்வார்களாம். ஒரு நாள் வந்து வாங்கிக்கொள்வார்.

2012இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் லேப்டாப் சர்வீஸ் மேனுவல்களைச் சேர்த்து இலவசமாகக் கொடுத்துவந்தார். தோஷிபா வக்கீல் கடிதம் அனுப்பியதும் அந்தக் கம்பெனி மேனுவல்களை எடுத்துவிட்டார். கொடுத்துவைத்த மனிதர். எங்களை மிரட்டக்கூட ஒரு கம்பெனி மிச்சமில்லை.

தங்கள் அடுத்த கட்டிடத்து அரசாங்கம் வேறு மாதிரிப் பேசுகிறது. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஒரு தளம் தொடங்கியது. தூக்கி எறியாதே, ரிப்பேர் செய், மேனுவலைக் கம்பெனிகள் தரவேண்டும் என்கிறார்கள். கேட்கக் காதுக்கு இனிமை. செத்துப்போன கம்பெனி எப்படித் தரும் என்று அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் ரிப்பேர் செய்யச் சொல்வதும், தாங்கள் படத்தைத் தொடாதே என்பதும் ஒரே தபாலில் வந்து சேருகின்றன.

ஆகவே ஐயா அவர்கள், தயாரித்தவர் கடையை மூடி, உதிரிபாகம் தருவதையும் நிறுத்திவிட்டால் மெக்கானிக்குகள் அந்தத் தாளைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கும்படி மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். முடியாதென்றால், முடியாது என்றாவது எழுத்தில் தரவும். ரேடியோக்காரர் வாரச் சந்தைக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார். சட்டத்தைச் சொன்னால் சிரிக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரேடியோ மெக்கானிக்.

இணைப்பு: அறுந்த நூல், ஒரு முழம். சம்பந்தப்பட்ட தாள் இணைக்கப்படவில்லை. நகல் எடுத்தால் குற்றம். அசலைத் தில்லிக்கு அனுப்ப அண்ணன் சம்மதிக்கவில்லை.