ரிப்பன் மாளிகைக்கு, ஒரு சுவர் தொடர்பாக

பெறுநர்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி.
பொருள்: அண்ணா சாலையில் கலை வளர்ப்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

அண்ணா சாலைக்குக் கலை வேண்டும் என்ற எண்ணம் மாநகராட்சிக்கு அவ்வப்போது வருகிறது. கூடவே பெயின்ட் வாளியும் வருகிறது. 2009-10 வாக்கில் சுவரொட்டிகளைச் சுரண்டிவிட்டு மாமல்லபுரத்தையும் பரதத்தையும் வரைய வைத்தீர்கள். ஒட்டாதே என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும் கேட்காத பசை வாளிக்காரர்கள் கோபுரத்தைப் பார்த்ததும் கொஞ்ச நாள் தயங்கினார்கள். சம்பளம் கேட்காத வாட்ச்மேன் கிடைத்தது லாபம்தான்.

வரைந்தவர்கள் யார்? இதே சாலையில் மாடி உயரக் கட்-அவுட்டுகளுக்கு மீசை எழுதிய பேனர் ஓவியர்களும் அதில் உண்டு. ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைச் சுருட்டியபோது அவர்கள் வரைந்தது கலை என்று எந்த அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. கட்-அவுட்டில் அவர்கள் வரைந்ததை ஊரே அண்ணாந்து பார்த்தது. சுவரில் வரைந்ததைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் போனது.

மவுண்ட் ரோடு என்ற இந்த அண்ணா சாலை ரசனை இல்லாத சாலை அல்ல, ஐயா. மன்றோ துரையின் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை என்று 1839இல் நிறுத்திய சிலையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1857இல் வடக்கே ரத்தக்களரி நடத்திய கர்னல் நீலின் சிலை இங்கே நின்றபோது, 1927இல் அதை உடைக்கப் போய்ச் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவைதான் அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. பத்து வருடம் ஒரு சிலையோடு மல்லுக்கட்டிய சாலையில் நீங்கள் மயில் வரைகிறீர்கள். மயிலோடு யார் சண்டைக்கு வருவார்கள்? யாராவது வந்தால், அன்றைக்குத்தான் உங்கள் திட்டம் வெற்றி.

ஆகவே ஒரே ஒரு சுவரையாவது ஓர் ஓவியரிடம் ஒரு வருடம் விட்டுவிடுங்கள். என்ன வரைவது என்று குழு போட வேண்டாம். கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச வேண்டாம். சுண்ணாம்பு அடிப்பவருக்கும் அதே கணக்குதான். ஓவியர் பெயரை மூலையில் போட அனுமதியுங்கள், துவக்கி வைத்தவர் கல்வெட்டில் பாதி அளவுக்காவது. நின்று பார்க்க நடைபாதையில் பைக் இல்லாத இரண்டடி இடமும் வேண்டும். இதுதான் செலவு பிடிக்கும் கோரிக்கை என்பது எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
சொத்து வரி பாக்கி இல்லாத ஒரு பாதசாரி.

பி.கு.: திறப்பு விழா கட்டாயம் நடக்கும். வரவேற்பு ஃப்ளெக்ஸை அந்தச் சுவர் மேலேயே கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.