நைந்த லைசென்ஸ்காரர்

நைந்த லைசென்ஸ்காரரைச் சட்டைப் பையின் புடைப்பை வைத்தே கண்டுகொள்ளலாம். பழனி விபூதிப் பொட்டலம், மளிகைச் சீட்டு, 2003இல் தமிழ்நாட்டில் தடை வருவதற்கு முன் வாங்கிய லாட்டரிச் சீட்டு ஆகியவற்றுக்கு நடுவே இருப்பது அவருடைய ஓட்டுநர் உரிமம். முதலில் துவைக்கிற கல்லையும் பிறகு வாஷிங் மெஷினையும் பார்த்துவிட்டது. லேமினேஷன் வாய் பிளந்து ஈரம் புகுந்ததில், படத்தில் மீசை மட்டும் பாக்கி.

ரேஷன் கார்டை மட்டும் உறை போட்டு பீரோவில் வைத்திருப்பார். அதற்கு மாதாமாதம் வேலை இருக்கிறது. லைசென்ஸுக்கோ மாட்டிக்கொண்டால்தான் வேலை.

“இது யாருங்க பெரியவரே?”

“நான்தான் சார்.”

“மீசை மட்டுந்தான் தெரியுது.”

“அதே மீசைதான் சார்” என்று தடவிக் காட்டுவார்.

கிழிந்தாலும் லைசென்ஸ் லைசென்ஸ்தான் என்பது இவர் கட்சி. அது முழுப் பொய் அல்ல என்பதுதான் சங்கடம். அட்டை நைந்ததால் மட்டும் உரிமம் ரத்தாகிவிடாது. ஆனால் சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. பேரும் எண்ணும் தெரியாத அட்டையைக் காட்டி என்ன பயன்? உரிமமே இல்லாதவர் என்று முடிவானால், 2019 திருத்தத்தின்படி அபராதம் 5,000 ரூபாய்.

டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள மின்னணு உரிமம் 2018 முதல் அசலுக்குச் சமம். பேத்தி அதைச் செல்போனில் ஏற்றியும் கொடுத்திருப்பாள். இவர் அதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டுப் பையில் வைத்துக்கொள்வார். அந்தத் தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது.

டூப்ளிகேட்டுக்குச் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும் என்றதும் தயங்குவார். தலைமுடி இருந்த காலத்துப் படம் அல்லவா! கையால் எழுதிய பழைய புத்தக லைசென்ஸ் என்றால், அந்த விவரத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கொரு நல்ல நாள் பார்ப்பதிலேயே வருடங்கள் ஓடும்.

டூப்ளிகேட் வாங்கினால் லைசென்ஸின் ஆயுளும் கூடும் என்று இவர் நம்புகிறார். கூடாது. பழைய அட்டையின் காலாவதித் தேதியே புதியதிலும் வரும். அந்தத் தேதியும் அழிந்துபோனவர்கள், உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.