கடனை அடைத்துவிட்டீர்களா? பாவம்!

முதலீடாக இருக்கட்டும் என்று ஓஎம்ஆரில் கூட்டுக்கடனில் ஃபிளாட் வாங்கிப்போட்டு, கடைசித் தவணையும் கட்டி முடித்த அண்ணன் தம்பிகளே, வாழ்த்துகள்! இன்று முதல் நீங்கள் வங்கிக்கு யாரோ.

கடன் இருந்தவரை என்ன பாசம்! தவணை ஒரு நாள் தள்ளினால் அண்ணனுக்கு போன். அவர் எடுக்காவிட்டால் தம்பிக்கு. "முழுக் கடனுக்கும் ரெண்டு பேருமே பொறுப்பு சார்" என்று சட்டம் வேறு. இப்போது பத்திரம் கேட்டுப் போங்கள். "சென்ட்ரல் ஸ்டோரேஜ்ல இருக்கு, வரும்." எப்போது? "வரும்." அது வந்ததும் வாங்க, துபாயில் இருக்கும் தம்பியும் நேரில் வர வேண்டுமாம். பணம் வாங்கும்போது எவர் கணக்கிலிருந்து வந்தாலும் இனித்தது.

அடகு வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று சொல்லவே ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. பத்திரத்தைத் தொலைத்துவிட்டால்? தண்டனையாக வங்கிக்கு இன்னும் 30 நாள் அவகாசம்! தவணை கட்ட மறந்தவனுக்கு இப்படி யாராவது அவகாசம் கொடுத்ததுண்டா?

சரி, பத்திரம் வந்தது. விற்கலாமா? வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் அப்படியே பல்லை இளிக்கிறது. அதை நீக்க, கடன் தீர்ந்ததென வங்கி ரசீது ஆவணம் பதிந்து தர வேண்டும். கடன் தந்தபோது அடமானத்தைப் பதியக் காட்டிய அவசரம் இப்போது எங்கே? "ஆபீசர் லீவு."

இதற்குள் ஃபிளாட் விலை இறங்கியிருந்தால் அரசு ஆறுதல் சொல்லும்: வழிகாட்டி மதிப்பு உங்கள் விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்புக்கே விற்றதாக வைத்து மூலதன ஆதாய வரி. கண்ணால் பார்க்காத காசுக்கும் கட்டுங்கள். உங்கள் வீட்டின் விலை உங்களைவிட அரசாங்கத்துக்குத்தானே நன்றாகத் தெரியும்!

கோபம் வங்கியின் சோம்பல் மேல் அல்ல. வங்கி சோம்பேறியே அல்ல. மாதா மாதம் குறித்த தேதியில், நம்மைக் கேட்காமலே, நம் கணக்கில் கைவிட்டுத் தவணையை எடுத்த கணினி அது. 31ஆம் நாள் விடிந்ததும் அதே கணக்கில், நாம் மனு எழுதிக் கெஞ்சாமலே, 5,000 ரூபாயைப் போட அதற்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். போடச் சொல்லத்தான் ஒருவருக்கும் மனமில்லை.