திட்டக்குழு அண்ணன்

2015-ல் டெல்லியில் திட்டக்குழுவுக்கு மங்களம் பாடிவிட்டு நிதி ஆயோக்கை உட்கார வைத்தார்கள். பழைய குழு எங்கே போனது என்று யாரும் தேட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் ரூமில்தான் இருக்கிறது. வாடகைப் பங்கை மட்டும் பத்தாம் தேதிக்கு மேல் கொடுக்கிறது.

உங்கள் ரூமிலும் ஒருவர் இருப்பார். பி.இ. முடித்து ஒரகடத்தில் வேலை, இக்னோவில் எம்பிஏ. "தம்பி, லைன்ல நிக்கிறவன் லைன்லயேதான் நிப்பான். மேல படிக்கணும்டா." சொல்வது நியாயம்தான். சொன்ன கையோடு அண்ணன் சார்ட் பேப்பர் வாங்கக் கிளம்பிவிடுவார்.

அட்டவணை போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏ ஷிப்ட் வாரத்துக்கு மஞ்சள், பி-க்குப் பச்சை, சி-க்கு நீலம். கோடெல்லாம் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் போட்டது. வலது மூலையில் கம்பெனி டாக்குமெண்டில் வருகிற மாதிரியே ஒரு கட்டம்: ரெவ். 07. தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதலும் மூன்றாவதும் அண்ணனே. நடுவில் கையெழுத்துப் போட, நைட் ஷிப்ட் முடித்துவந்து அப்போதுதான் கண்ணை மூடிய என்னை எழுப்புவார். "ஒரே ஒரு சைன் தம்பி." இக்னோவில் அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. அட்டவணைக்கும் ஒரு பத்து ஒதுக்கியிருந்தால் அண்ணன் இந்நேரம் கோல்டு மெடலிஸ்ட்.

ஞாயிற்றுக்கிழமை ரிவ்யூ. டார்கெட்: இரண்டு யூனிட். ஆக்சுவல்: அரைப் பக்கம். உடனே வொய்-வொய் அனாலிசிஸ். ஒரு கோளாறின் வேரைப் பிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் டொயோட்டாக்காரர்கள். அண்ணன் கட்டம் போட்டு எழுதுவார்.

ஏன் படிக்கவில்லை? தூங்கிவிட்டேன்.
ஏன் தூங்கினேன்? முந்தின நாள் தூக்கம் இல்லை.
ஏன் இல்லை? ரூமில் சத்தம்.
ஏன் சத்தம்? தம்பி குறட்டை.

நான்காவது ஏனிலேயே குற்றவாளி சிக்கிவிடுவதால் ஐந்தாவதுக்கு வேலையே வராது. ஒரு வாரம் மெஸ்ஸில் போட்ட பொங்கல் மாட்டும், இன்னொரு வாரம் ஹவுஸ் ஓனர் வீட்டுத் தண்ணி மோட்டார். எந்த வாரமும் மாட்டாத ஒரே ஆள் அண்ணன்தான்.

கம்பெனி பஸ்ஸில் படிப்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. வல்லம் தாண்டுவதற்குள் புத்தகம் மடியில், தலை என் தோளில். என்பிடெல் வகுப்புகளும் உண்டு. அதில் சேர்வது இலவசம், பரீட்சைக்குத்தான் பணம் என்று தெரிந்த நாளிலிருந்து கண்ணில் பட்டதிலெல்லாம் சேர்ந்து வைத்திருக்கிறார்.

"எப்பண்ணே முடிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "யுனிவர்சிட்டியே நாலு வருஷம் டைம் குடுத்திருக்கு. ரெண்டுல முடிச்சா மரியாதையா இருக்குமா?" அதற்கும் மசியாவிட்டால் உள்ளூர் சாட்சியை இழுப்பார். "இந்த ஊர்ல பொறந்த ராமானுஜரே ஒரு உபதேசத்துக்காகத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு தடவ நடந்தாருடா." நடந்தார், யார் இல்லை என்றது? பதினெட்டாம் தடவை உபதேசம் கிடைத்த பிறகுதான் கோபுரத்தில் ஏறி ஊருக்குச் சொன்னார் என்பது கதை. அண்ணன் முதலில் கோபுரத்தில் ஏறிவிட்டார். நடைதான் பாக்கி.

கேலி கிடக்கட்டும். பரீட்சைத் தேதி முன்கூட்டியே வந்துவிடுகிறது. இவருக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். ஒரு வாரம் விடிகாலையில் எழுந்து, மறுவாரம் விடிகாலையில் படுத்து, நடுவில் ஓ.டி.யும் பார்த்துவிட்டு வருகிற மனுஷன் எந்தக் கலரில் கோடு போட்டால் என்ன? போன டிசம்பரில் ஹால் டிக்கெட்டைக் காட்டி லீவு கேட்டார். "ப்ரொடக்‌ஷன் இருக்கேப்பா" என்று முடித்துவிட்டார்கள். அதே கம்பெனி கேண்டீன் சுவரில் 'கற்பதை நிறுத்தாதே' என்று ஆளுயரப் போஸ்டர். அன்றைக்கு அண்ணன் எழுதாமல் விட்ட பேப்பர் மனிதவள மேலாண்மை.

அந்த ஞாயிறு மட்டும் ஐந்தாவது ஏன் வரைக்கும் வந்துவிட்டார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுதவில்லை. எழுதினால் பக்கத்துக் கட்டத்தில் 'நடவடிக்கை எடுக்க வேண்டியவர்' என்று ஒரு பெயர் போட வேண்டும். அதைக் கொண்டுபோய் அந்த ஆளிடம் யார் நீட்டுவது?

என் பெயர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ரெவ். 08 ஒட்டியாகிவிட்டது. கோளாறு: குறட்டை. நடவடிக்கை: தம்பி. கெடு: உடனடி. படித்துப் பார்த்துவிட்டு, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.