வெயில் வாங்கிய விருது

கேள்வி: உலகத் திரைப்பட விழாக்களுக்குப் போன தமிழ்ப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? அடுத்து எதற்குக் காத்திருக்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கிளியனூர்

பதில்: பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’தான். 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்ற முதல் தமிழ்ப் படம். குடிகார அப்பனும் மகனும் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். தாகம் தெரியாமலிருக்கப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டிலோ அப்படிச் சேர்ந்த கற்கள் குவிந்து கிடக்கின்றன! நூறு வசனம் சொல்லாததை அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. மரக்காணம் உப்பளத்து வெயிலை அறிந்த உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விமர்சகரின் விளக்கவுரையே தேவைப்படாது. 2024-இல் பெர்லின் போன ‘கொட்டுக்காளி’யில் வினோத்ராஜ் பின்னணி இசையே இல்லாமல் கட்டிப்போட்டார். ஆகவே அவருடைய அடுத்த படத்துக்குத்தான் காத்திருக்கிறேன். இருக்கை கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே பார்ப்பேன்!